எலி எந்தப் பக்கம்?

மார்ச் 3

என் அருமை எலிக்கு,

நான் நலம். உன் நலத்தைத்தான் தினமும் செய்தித்தாளில் பார்க்கிறேனே, தனியாக விசாரிக்க என்ன இருக்கிறது? படத்தில் கொஞ்சம் பூசினாற்போல் தெரிகிறாய். மாநகராட்சி நாற்காலி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். தபால் நிலையத்தில் நாள் முழுக்க முத்திரை குத்துகிறவள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? அது கிடக்கட்டும். போனில் நீ ஒரு சிரிப்புச் சிரித்தால் கேட்க வந்ததை நான் மறந்துவிடுவேன். எழுத்தில் சிரித்து மழுப்ப முடியாது, அதற்காகத்தான்.

நேற்று மாநகராட்சிக் கூடத்தில் புதுக் கால்பந்து அரங்கத்தின் மாதிரியைப் பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைக் கம்பளம், அதைச் சுற்றிக் கடுகளவு மனிதர்கள். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். "பெண்கள் அணி எங்க பயிற்சி எடுக்கும் சார்?" என்று அங்கே நின்ற அதிகாரியைக் கேட்டேன். கார் நிறுத்துமிடத்தின் மேல் விரலை வைத்து, "அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல வரும்மா" என்றார். ரெண்டாம் கட்டம் எப்போது என்றேன். "முதல் கட்டம் முடிஞ்சதும்" என்றார். பெரிய ஞானி.

அரங்கத்துக்கான பணத்தில் ஒரு பங்கு மாநகராட்சி கடன் வாங்குமாம், ஒரு பங்கு கட்டுமான நிறுவனம் போடுமாம், மிச்சம் நம் பழைய மைதானத்தை விற்று வருமாம். அதை வாங்கப்போவது யார் என்று பார்த்தால் அதே நிறுவனம்! விற்பனை முதலில், கட்டுவது பிறகு. இடையில் நான் பயிற்சி கொடுக்கிற என் பெண்கள் பந்தை எங்கே உதைப்பார்கள்? மொட்டை மாடியிலா? சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மைதானத்து வாசல் திறந்திருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் அவர்களை வீட்டிலிருந்து அனுப்புகிறார்கள். ஒரு வருடம் அது மூடிக் கிடந்தால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

நிதிக் குழுவின் ஏழு பேரில் நீ ஒருத்தி. ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு. நீ எந்தப் பக்கம்?

கோபிக்காதே. உன்னைச் சந்தேகப்பட எனக்கு உரிமை உண்டு. கோல் வாசலில் நின்று உன் பெனால்ட்டியை என்னைவிட அதிகமாக வாங்கியவள் உலகத்தில் இல்லை. வலது மூலையைப் பார்ப்பாய், பந்து இடது மூலைக்குப் போகும். பயிற்சியில் ஏமாந்து ஏமாந்து, நீ பார்க்கிற பக்கத்துக்கு எதிரே பாயக் கற்றுக்கொண்டேன்.

என்றும் உன்,
கோந்து

மார்ச் 9

அன்புக் கோந்துக்கு,

பந்து கையில் ஒட்டிக்கொள்கிறதே என்று அன்றைக்கு அந்தப் பெயரை வைத்தேன். இப்போது சந்தேகமும் ஒட்டிக்கொள்கிறது.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரித்து 'எலி' என்று பார்த்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். உதவியாளர் பயந்துபோனார். எந்தச் சந்திலும் புகுந்து கோல் போடுகிறேன் என்று நீ வைத்த பெயர். அணியில் மற்றவர்கள் திக்குக்கு ஒருத்தியாகப் போய்விட்டார்கள். இன்று என்னை அப்படிக் கூப்பிட நீ ஒருத்திதான் மிச்சம். ஊருக்கெல்லாம் நான் 'மேடம்'.

புது அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன் கோந்து. கதவில்லாத அறையில் ஒருத்தி உடை மாற்ற நாலு பேர் துண்டைப் பிடித்து நின்றோமே, மறந்துவிட்டாயா? உன் பெண்களும் இன்றுவரை அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் புது இடத்தில் புல் பிடித்து ஆடத் தயாராகும்வரை பழைய வாசலை மூடக்கூடாது. இந்த நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்க்காவிட்டால் எதிர்த்து வாக்களிப்பேன். போதுமா?

முழங்கால் எப்படி இருக்கிறது? பயிற்சியின்போது பட்டையைக் கட்டிக்கொள். சொன்னால் கேட்கிறவளா நீ!

அன்புடன்,
எலி

மார்ச் 20

எலிக்கு,

பட்டை கட்டியிருக்கிறேன். நன்றி.

வெள்ளிக்கிழமை மதியம் ரயிலடி ஓட்டலின் ஜன்னலோர மேசையில் நீ, கட்டுமான நிறுவனத்து முதலாளி, நிதிக் குழுவின் மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முதலாளி ஏதோ சொல்ல, நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். சிக்னல் விழுந்து வண்டி நகரும்வரை பார்த்தேன்.

சரி, ஆயிரம் பேரோடு சாப்பிடவேண்டிய பதவி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் உன் வீட்டுக்காரரின் பெயிண்ட் கடை வாசலில் அதே நிறுவனத்தின் வண்டி நிற்கிறது. ஒரு அரங்கத்துக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகும் எலி? நாற்காலி, கம்பி, சுவர், கூரை. ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

எங்கள் தபால் நிலையத்தில் எல்லாரும், "உங்க ஃப்ரெண்டு இருக்காங்களே, மைதானத்துக்கு என்ன கவலை?" என்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு முத்திரையைக் கொஞ்சம் ஓங்கிக் குத்துகிறேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேச எனக்கு வராது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கோந்து

மார்ச் 26

அன்புள்ள கோந்துக்கு,

துப்பறியும் வேலைக்குப் போகாமல் தபாலுக்கு ஏன் போனாய்?

ஓட்டலுக்கு நான்தான் அழைத்தேன். முதலாளியிடம் வாசல் நிபந்தனையைப் பேச அழைத்தேன்; அவர் முடியாது என்றார். அந்த இரண்டு பேரும் அதைக் காதால் கேட்கவேண்டும் என்றுதான் கூட உட்கார வைத்தேன். குழுவில் மூன்று பேர் நிறுவனத்தின் பக்கம். அவர்களை அசைக்க முடியாது. நானும் வக்கீல் ஐயாவும் எதிர்ப்பக்கம். மருந்துக்கடைக்காரரும் தலைமையாசிரியையும் மதில்மேல் பூனை. அவர்கள் நம் பக்கம் வந்தால் நாலு பேர், ஜெயித்துவிடலாம். இரண்டு பேரும் பயந்தவர்கள். தலைமையாசிரியை நேற்று என்னிடம், "உன்னை நம்பித்தான் இறங்குறேன், நடுவுல கைவிட்டுடாதே" என்றார்.

கடை வாசலில் வண்டி நின்றது உண்மை. சரக்கு கேட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் தரமாட்டேன் என்று காலி வண்டியைத் திருப்பி அனுப்பினார். அதற்காக அவரோடு எனக்குச் சண்டைகூட வந்தது. மரியாதையாகச் சொல்லியிருக்கலாமே என்று. கடை இருக்கிற நிலைமைக்கு அது பெரிய வியாபாரம்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வாக்கெடுப்புவரை சத்தம் போடாதே. ஊர்வலம், தட்டி, கோஷம் எதுவும் வேண்டாம். கூட்டத்தைக் கண்டால் அந்த இருவரும் ஓடிவிடுவார்கள்.

இதில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை கோந்து. நேராகச் சொல்கிறேன்: நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். என்னை நம்பு.

உன்,
எலி

ஏப்ரல் 4

எலி,

நம்பு என்கிறாய். சத்தம் போடாதே என்கிறாய். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஊரை விற்கிறவன் எவனும் சத்தம் போடச் சொல்லமாட்டான்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஓட்டலுக்கு ஒரு காரணம், வண்டிக்கு ஒரு காரணம். அந்தப் பொருத்தம்தான் என்னை உறுத்துகிறது. 'நேராகச் சொல்கிறேன்' என்று இத்தனை வருடத்தில் நீ எனக்கு எழுதியதே இல்லை. வலது மூலையை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறாய் என்றால் பந்து எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை என் பெண்களோடு உன் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நான் சந்தேகப்படுவது பொய் என்றால் வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொல்லு. உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

கோந்து

ஏப்ரல் 12

கோந்து,

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். ஐந்துக்கு இரண்டு. எதிர்த்துக் கை தூக்கியது நானும் வக்கீல் ஐயாவும். நிபந்தனை போயிற்று. மைதானம் இந்த மாதமே கை மாறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லை. தலைமையாசிரியை வீட்டில் இருந்தேன், மருந்துக்கடைக்காரரும் வந்திருந்தார். கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பேசி, இருவரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் மருந்துக்கடைக்காரரின் போனில் படம் வந்தது. என் வீட்டு வாசல், உன் பெண்கள், நடுவில் நீ. கையில் அட்டை: 'மைதானத்தைத் தின்ற எலி'. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க கூட ஆடுனவங்களே உங்களை நம்பல. நாங்க எதை நம்பி வர்றது?" என்றார். தலைமையாசிரியை எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டில் மகள் இருந்தாள். ஜன்னலில் உன்னைப் பார்த்ததும், "அப்பா, கோந்து பெரியம்மா வந்திருக்காங்க!" என்று கதவைத் திறக்க ஓடினாளாம். திறந்த பிறகுதான் அட்டையைப் படித்திருக்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது, நீயே சொல்.

தோற்றதுகூட ஆறிவிடும். தோற்பது நமக்குப் புதிதில்லை. அந்தப் பெயரை மட்டும் நீ எழுதியிருக்கக் கூடாது. இப்போது செய்தித்தாளில் அதுதான் தலைப்பு. காய்கறி வாங்கப் போனால் பின்னாலிருந்து யாரோ சொல்லிச் சிரிக்கிறார்கள். உன் ஒருத்தியிடம் இருந்தது, ஊருக்கே கொடுத்துவிட்டாய்.

பெனால்ட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். உண்மைதான், பார்த்த பக்கம் நான் அடித்ததே இல்லை. இந்த ஒரு தடவை பார்த்த பக்கமே அடித்தேன். நீ மறுபக்கம் பாய்ந்துவிட்டாய்.

மைதான வாசலின் சாவி உன்னிடம் இருப்பதாகப் பதிவில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் மாநகராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கவும். மாடிக்கு, என் அறைக்கு, வரவேண்டியதில்லை. கீழே முதல் கவுண்டரில் கொடுத்தால் ரசீது தருவார்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாவது வட்ட உறுப்பினர்