குழாயை எடுப்பதற்கு முன்

திங்கள். விடாத தூறல்.

இல்லை, சிஸ்டர் மேல் கோபமில்லை. பொறாமை. அது வேறு.

சாங்வி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. துவைத்தது எதுவும் காயவில்லை, ஈரத் துப்பட்டாவோடு போனேன். பச்சிளங்குழந்தைகள் பிரிவு, ஜன்னலோரம் அவன். வைஷாலி சிஸ்டர் என் பாலைப் பஞ்சில் தொட்டு அவன் உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் காதருகே குனிந்து, "பில்லு, ஆயி ஆலி பக." அம்மா வந்துட்டா பாரு.

என் பிள்ளைக்கு என்னை அறிமுகம் செய்கிறாள்.

பில்லு என்றால் குஞ்சாம். நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

செவ்வாய்.

டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். பிரசவத்தில் மூச்சு முட்டி மூளை முழுக்கச் சேதம். இரண்டாவது ஸ்கேனும் அதையே சொல்கிறது. விழிக்க மாட்டான். தானாக மூச்சு விட மாட்டான். இயந்திரத்தைத் தொடரலாம், தொடர்ந்தால் ஊசியும் குழாயும்தான் அவனுக்கு. அல்லது மூச்சுக்குழாயை எடுத்துவிடலாம். வலி மருந்தை மட்டும் நிறுத்த மாட்டார்கள். இருவரும் சம்மதித்தால்தான். அவசரமில்லை.

ஆ.வோடு மராத்தியில், என்னோடு ஆங்கிலத்தில். ஆ. என் கணவன், இந்த ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழன். எனக்கு மராத்தி கடைக்குப் போகிற அளவுதான். அவனுக்கு நீளமாகவும் எனக்குச் சுருக்கமாகவும் சொன்னதாகத் தோன்றியது. அதிலும் பொறாமை.

எடுத்த பிறகு மடியில் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்றார்.

உடனே சரி என்றேன்.

ஆ. என்னைப் பார்த்த பார்வை.

புதன். மழை. கேஸ் தீர்ந்துவிட்டது.

சரி சொன்னது ஏன்:
ஸ்கேன்.
அவனுக்கு வலிக்கும்.
வைஷாலி கையிலிருந்து அவனை வாங்கிக்கொள்ள.

மூன்றாவதை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

லிப்டில் ஒரு பெண், குழந்தையோடு வீட்டுக்குப் போகிறாள். கிதி கோட், கிதி கோட், எவ்வளவு அழகு என்று எல்லோரும் கொஞ்சினார்கள். குழந்தையின் ஒரு சாக்ஸ் கழன்று தொங்கியது. பார்த்தேன். சொல்லவில்லை.

வியாழன்.

டாக்டரிடம் தனியாகப் போனேன். என் காரணம் சுத்தமில்லை, அப்படியும் என் சம்மதம் செல்லுமா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார். உங்கள் காரணம் எதுவானாலும் ஸ்கேன் மாறாது என்றார். ஆனால் உங்கள் கணவர் இன்னும் சொல்லவில்லையே.

வீட்டில் ஆ. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவியவை.

"ஏன்டா வாயே தொறக்க மாட்டேங்கற?"

"நீதான் டக்குனு சொல்லிட்டியே. போதாதா?"

"அவனுக்கு வலிக்குதுடா."

"அரே, தெரியும்." தண்ணீரை நிறுத்தினான். "உனக்கு ஒம்பது மாசம் கெடச்சுது. உதைச்சான், விக்கினான், எல்லாம் உனக்குத்தான். நான் வெளியேர்ந்து கை வெச்சுப் பாத்தேன், அவ்ளோதான். ஒரு வாட்டி கூடத் தூக்கல. எடுத்ததும் நீ வாங்கிப்ப. என்கிட்ட தர்றப்ப அவன் இருப்பானா?"

அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"மொதல்ல நீ வாங்கிக்கோ" என்றேன். சொன்ன உடனே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எடுக்கவில்லை.

துண்டில் கை துடைத்தான், ரொம்ப நேரம். "நாளைக்குச் சொல்லிடலாம், கவி. அவனுக்குப் போதும்."

வெள்ளி. வெயில்.

பெயர் வைத்தோம். இங்கேகூட எழுதப் போவதில்லை. வைஷாலிக்கும் சொல்லவில்லை.

இருவரும் கையெழுத்து. சுற்றித் திரை இழுத்தார்கள். பீப் சத்தத்தை நிறுத்தினார்கள். குழாயை எடுத்தார்கள். வைஷாலி அவனைத் துணியோடு ஏந்தி என் பக்கம் திரும்பினாள். என் கைகள் நீண்டுவிட்டன. குழாயை ஒட்டியிருந்த டேப் இல்லாத முகம், முதல்முறையாக முழுசாக. ஆ.வின் மூக்கு. அதுவும் அவனுக்கே.

"பஹலே பாபா கோ." எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். முதலில் அப்பாவிடம்.

ஆ.வுக்குச் சட்டைப் பொத்தான் கழலவில்லை. நான் கழற்றிவிட்டேன். வெறும் நெஞ்சில் வைத்தார்கள். நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.