அமிலமும் காரமும் என் பாடம்

என்னங்க,

நீங்களும் பொண்ணும் நல்லா இருக்கீங்களா? உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா? இந்த ஊர் ஓட்டல் சலவை வேலையில நான் நல்லாத்தான் இருக்கேன்.

அவ எட்டாம் வகுப்புக்கு இந்த வாரப் பாடம்னு டீச்சர் குரூப்பில போட்டதை அனுப்பியிருந்தீங்களே, கணக்குல சமன்பாடு, அறிவியல்ல உராய்வு, சமூக அறிவியல்ல நீதிமன்றம், எல்லாத்தையும் சலவை மெஷின் ஓடும்போதே படிச்சேன். அந்த யோசனையில ஓட்டலோட வெள்ளை விரிப்புகூட ஒரு சிவப்புத் துண்டையும் போட்டுட்டேன். அத்தனையும் ரோஸ் கலர்! சூப்பர்வைசர் கொஞ்சம் கத்தினார், அவ்வளவுதான். கவலைப்படாதீங்க.

இவ்வளவும் படிச்சுட்டு ஆசையா போன் பண்ணினா, "அப்பாவே எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டாரும்மா"ங்கறா. கணக்குன்னாலே தலைதெறிக்க ஓடுற ஆளு, நீங்க எப்போ வாத்தியார் ஆனீங்க? உள்ளதைச் சொல்றேன், எனக்கு வயிறு எரியுது. போன வருஷம் வரைக்கும் சந்தேகம்னா என் முந்தானையைத்தான் இழுப்பா.

நாள் பூரா நின்னு எனக்கும் கால் வலி, தைலம் ஒண்ணு அனுப்புங்க. நான் அடிப்படையில இருந்து படிச்சுக்க, அவ பழைய ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் சேர்த்து வைங்க.

அடுத்த வாரம் அமிலம், காரம் வருதாமே? நாள் பூரா சோப்பிலயும் பிளீச்சிலயும் கிடக்கிறவ நான். அதையாவது எனக்கு விட்டுவைங்க. அவ கேட்டா, தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. "அம்மாகிட்ட கேளு"ன்னு சொல்லுங்க.

மெஷின் நின்னுடுச்சு, ஓடறேன். சொல்வீங்கல்ல?