பொன்னையா அண்ணன் கஞ்சி

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் என்று, பக்கவாதத்தில் படுத்திருந்த கணவன் றோலண்ட் விழிக்குமுன் யூஜினா எழுதி வைத்தாள்:

"நேத்து பொன்னையா அண்ணன் கொண்டாந்த கஞ்சியத் தட்டிவிட்டுட்டீங்களே, அவரோட போட்ட மரக்கறித் தோட்டத்து வேலிச் சண்டை இன்னும் தீரலையா? மயங்கிக் கெடந்த உங்களக் கம்பளியில போட்டு, மழையில ரோடு வரைக்கும் தூக்கினப்ப மொதல்ல தோள் குடுத்தது அவருதான்.

கெஞ்சிக் கூத்தாடி இன்னைக்கும் வரச் சொல்லியிருக்கேன். அவரு வரலேன்னா உங்களப் பாத்துக்க ஆளில்ல, நான் கொழுந்துக்குப் போக ஏலாது. வாய்க்கு நன்றி வரலேன்னா பேசாம குடிங்க!"

தாள் முடிந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"கோபம் போகல. ஆனா நேத்து சாயங்காலம் சட்டைப் பொத்தானை, வெளங்காம கெடந்த வலது கையாலயே போட்டீங்க. அடுப்படியில நின்னு பாத்தேன். ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லிட்டேன். பொன்னையா அண்ணனுக்கு நீங்க சொல்லுங்க."