நாளைக்கு வண்டி பறக்கும் என்றேன்

செப். 27, சனி
விடிந்ததிலிருந்து தூறல். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் கணுக்கால் அளவு தண்ணீர். என் மனைவி சுமதி இன்றும் வேலைக்கு லேட். பாலத்து ஏற்றத்தில் ஸ்கூட்டர் முக்கி முக்கி நின்றுவிட்டதாம். அவள் நர்ஸாக இருக்கும் காளிகாட் நர்சிங்ஹோமில் டயாலிசிஸ்காரர்கள் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், நர்ஸ் இல்லாமல் மெஷின் ஓடாது. அவள் கையில் மெமோ. இது இரண்டாவது தடவை, மூன்றாவது என்றால் வேலை கிடையாது.

"ஆக்ஸிலேட்டரைப் பார்த்துத் திருகணும். ஓட்டுற லட்சணம் அப்படி" என்றேன். தட்டை ணங்கென்று வைத்தாள்.

செப். 28, ஞாயிறு
பிளக் அடுப்புக்கரி மாதிரி. ஏர் ஃபில்டர் சுத்தம். பெட்ரோல் மாற்றியாயிற்று. பாதி திருகினால் அப்போதும் கறுப்புப் புகை, திணறல்.

மெக்கானிக் காலுதா கடை ஷட்டர் பாதி இறங்கியாயிற்று. "பூஜோ ஷேஷ் ஹோக், தாதா!" துர்கா பூஜை முடியட்டுமாம். எரிச்சல்.

கார்புரேட்டரை நானே இறக்கினேன். உள்ளே ஏறி இறங்கும் நீடிலில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, நகத்தில் தட்டுகிறது. அது நுழையும் ஜெட்டின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம். அதான் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. பதினெட்டு வருஷத் தேய்மானம். சு. மேல் தப்பே இல்லை. அவளிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அக். 1, புதன். நவமி
இரண்டு நாளாக சு. நாலரைக்கே கிளம்பி ரயிலும் நடையுமாகப் போனாள். கால் வீக்கம். இன்று அவளுக்கு லீவு.

அலைந்து திரிந்து நேற்று கிடைத்தவை: புது நீடில், நீடில் ஜெட், மெயின் ஜெட். இன்று ஆயுத பூஜை. ஸ்பேனர், புது சாமான் எல்லாம் சாமி முன்னால். சந்தனம், குங்குமம் நானே வைத்தேன்.

"ஏங்க, இப்பவே மாட்டிடுங்களேன்."

"பூஜையில வச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாது. காலைல மாட்டித் தர்றேன்."

"அப்ப நாளைக்கும் ரயில்லயே போயிடுறேன்."

"வேண்டாம்ங்கிறேன்ல! வண்டி பறக்கும் பாரு."

பந்தலில் மேளம்.

அக். 2, வியாழன்
நாலரைக்கு எழுந்தேன். சந்தனத்தைத் துணியால் துடைத்து, எல்லாம் மாட்டினேன். ஒரே உதையில் ஸ்டார்ட். வாசலில் ஐந்து நிமிஷம் நின்றபடி ஓடியது, ஒரு பிசிறு இல்லை. ஆறு மணிக்கு அனுப்பினேன்.

6.25, போன். பாலத்திலிருந்து. "திருகினா அணைஞ்சு போவுதுங்க!" தள்ளு, தள்ளிக்கிட்டே போ என்று கத்தினேன். வேறென்ன சொல்ல? அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐந்து.

மாலை நாலரைக்கு வண்டியை ஒரு வேனில் ஏற்றி வந்து இறக்கினாள். நேரே உள்ளே போய்விட்டாள். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசிமுனைத் துளை, பாதி அடைப்பு. காய்ந்த சந்தனம். நின்று ஓடும்போது அந்த வழியாகப் பெட்ரோல் போக வேண்டியதில்லை, ஏற்றத்தில்தான் வேண்டும். வாசலில் நிறுத்திப் பார்த்த மடையன் நான்.

உள்ளே போய் ஜெட்டைக் காட்டினேன். தேய்மானம், சந்தனம், என் விரல், எல்லாம் சொன்னேன். ஜெட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"வேலை?"

"இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. காரணம் எழுதிக் கேட்டாங்க. எனக்குச் சரியா வண்டி ஓட்டத் தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."