ஆலடிவலசைப் பால்வாடிக்கு நான் போட்ட கையெழுத்து

திருப்புல்லாணி
18-6-2007

அன்பு மகன் தங்கசாமிக்கு உன் அய்யா எழுதுவது. சேதுக்கரை ஆஞ்சநேயர் புண்ணியத்தில் நீயும் மருமகளும் பேத்தியும் சிங்கப்பூரில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஒன்றுதான், வாய்க்கு எந்தக் குறையும் இல்லை, காலையில் ஆரம்பித்தால் மாடு கட்டும்வரை ஓயாது. நானும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதானே வழக்கம், எழுதிவிட்டேன். கிழக்குச் செய்யில் நெல் பாதி சாவி, பதராய்ப் போய்விட்டது, மிளகாய் கை கொடுத்தது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பேத்திக்குச் சொல், தாத்தா வீட்டில் அவளுக்கென்று ஒரு கன்றுக்குட்டி துள்ளுகிறது என்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், வாயை மூடிக்கிட்டுச் சும்மா கிடங்கய்யா, ரிட்டயராகி ஒம்பது வருசம் ஆச்சு, இப்பப் போயி எதுக்குத் தலையக் குடுக்குறீக என்று சத்தம் போட்டாய். உன் அம்மா காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால் உம் உம் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், அவசரப்படாமல் படி.

போன கார்த்திகை அடைமழையில் ஆலடிவலசைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் மேல்தளம் விழுந்து, சமையல் செய்த பஞ்சம்மாள் செத்துப்போனது உனக்குத் தெரியும். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் கால்மணி நேரம் முன்னால் விழுந்தது, இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? விசாரணை வைத்தார்கள், கனமழையால் இடிந்தது என்று எழுதி முடித்தார்கள். மழை என்ன பாவம் செய்தது? பக்கத்திலேயே ராஜா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம் அதே மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தக் கூடத்தை 1990 மார்ச்சில் கட்டியபோது ஒன்றியத்து ஓவர்சியர் நான். அதே மாதம், அதே மணல் குவியலில், அதே ஊரின் மேற்கே பால்வாடியும் கட்டினோம். கூடம் விழுந்துவிட்டது. பால்வாடி நிற்கிறது. உள்ளே தினமும் இருபத்தேழு பிள்ளைகள்.

விதி என்ன என்றால், மணலில் ஒரு பையும் தண்ணீரில் ஒரு பாட்டிலும் மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பி, உப்பு இல்லை என்று காகிதம் வந்த பிறகுதான் கான்கிரீட் போட வேண்டும். காகிதம் வர ஒரு மாதம் ஆகும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலை முடியாவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும், பி.டி.ஓ. எங்களைத் தின்றுவிடுவார். அதனால் கடற்கரைப் பக்கத்து ஓவர்சியர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம், ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பது. கரித்தால் கடல் மணல், கரிக்காவிட்டால் ஆற்று மணல், அவ்வளவுதான் எங்கள் லேபரட்டரி. காண்டிராக்டர் கூத்தையா பரமக்குடியிலிருந்து வைகை மணல் வந்ததாகச் சொல்லி லாரியில் இறக்கினான். அப்போது ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்த கலியபெருமாள், கும்பகோணத்துப் பக்கத்து மனுஷன், வாயில் வைத்தவுடன் துப்பிவிட்டு, சார் உப்புக் கரிக்குது சார் என்றார். நான் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூத்தையா வைத்துப் பார்த்தான், கொத்தனார் பார்த்தார், சித்தாள் பெண்கள்கூடப் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் கரிக்கவில்லை. காவேரித் தண்ணி குடிச்ச நாக்கு, இவருக்கு எங்க ஊரு காப்பியே கரிக்குமே என்று கூத்தையா சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பரிசோதிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏலே, நாம் பிறந்ததிலிருந்து குடிப்பது உப்புக் கிணற்றுத் தண்ணீர். நம் நாக்குக்கு உப்பு எப்படித் தெரியும்? இதை நினைக்க எனக்குப் பதினாறு வருஷமும் ஒரு பிணமும் வேண்டியிருந்தது பார். சாவுக்குப் போன அன்றைக்கு இடிபாட்டில் கிடந்த கம்பியைக் கையில் எடுத்தேன். உப்பு அரித்து அப்பளம்போல நொறுங்கியது. கூத்தையாவும் செத்துப் பல வருஷம் ஆகிறது, தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா என்று இனி யாரைக் கேட்பது? காசு கீசு வாங்கினீகளா என்று உன் அம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள். வாங்கவில்லை. வெறும் திமிர்தான். வெளியூர்க்காரன் சொல்லி நான் கேட்பதா என்கிற திமிர்.

அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டு அடித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரோரம் பஞ்சம்மாள் குத்தவைத்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டாலாவது பதில் சொல்லித் தொலைத்திருப்பேன். நான் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைக்கும்வரை தலை நிமிர மாட்டாள், வைத்ததும் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். உன் அம்மா பயந்துபோய் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் வாவு முகம்மது லெப்பையிடம் ஓதிக் கயிறு கட்டவைத்தாள். அவர் நல்ல மனுஷர், கயிற்றைக் கட்டிவிட்டு, இது கயித்துக்குப் போறதில்லீக, உள்ள கெடக்குறத யார்கிட்டயாவது சொல்லிருங்க என்றார். நான் சொல்லவில்லை. அதற்குப் பதில் தினமும் டவுன்பஸ் ஏறி ஆலடிவலசைக்குப் போய்ப் பால்வாடி வாசலில் உட்கார்ந்துகொள்வேன். கம்பால் மேல்தளத்தைத் தட்டிப் பார்ப்பேன். தை மாதம் ஒரு மூலையில் மட்டும் உள்ளே விட்டுப்போனதுபோலப் பொத்துப் பொத்தென்று கேட்டது, சித்திரையில் பாதித் தளம் அப்படிக் கேட்டது. கம்பி ஓடுகிற வரிசையிலேயே காவி நிறத்தில் துரு கோடு கோடாக இறங்கியிருக்கிறது. பிள்ளைகள் என்னைத் தட்டுத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். அதைவிடக் கொடுமை, அங்கே ஆயா வேலை பார்ப்பது பஞ்சம்மாளின் மகள் செவ்வந்தி. தாய் செத்ததற்கு அரசாங்கம் மகளுக்குக் கொடுத்த வேலை அது. வெயில்ல வந்து உக்காந்திருக்கீகளேய்யா என்று தினமும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், அதையும் வாங்கிக் குடித்தேன். கோடை லீவிலும் பால்வாடிக்கு விடுமுறை கிடையாது, ஒரு நாள் மேலிருந்து உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து ஒரு பிள்ளையின் சிலேட்டில் விழுந்தது. அன்றைக்குச் செவ்வந்தியைக் கூப்பிட்டு, மணலையும் நாக்கையும் கையெழுத்தையும், ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். ஆத்தா சாவுக்கு மொத மாலை நீங்கதான் கொண்டாந்தீக என்றாள். உள்ளே போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்காரவைத்தாள். அரிசி மூட்டையை இழுத்தாள், நான் ஒரு கை பிடிக்கப் போனேன், வேணாம் என்றாள். அதன்பிறகு எனக்குத் தண்ணீர் தருவதில்லை.

அந்த வாரமே கலெக்டருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிப்போட்டேன். நான் போட்ட கையெழுத்து பொய், மணலைச் சோதிக்கவில்லை, பால்வாடியை உடனே மூடி இடிக்க வேண்டும் என்று. இதற்குத்தான் நீ சத்தம் போட்டாய். பென்ஷனை நிறுத்தினால் நிறுத்தட்டும், மிளகாய் இருக்கிறது, கஞ்சிக்குப் பஞ்சமில்லை. இப்போது நடப்பதைக் கேள். ஒன்றியத்து இன்ஜினியர் ஜீப்பில் வீட்டுக்கே வந்தார், உன் அம்மா போட்ட காப்பியைக் குடித்தார், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். பைலில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். கட்டடம் உறுதியாக உள்ளது என்று வருஷாவருஷம் சான்று இருக்கிறதாம். எனக்குத் தெரியாதா அந்தச் சான்று? போன வருஷச் சான்றைப் பார்த்து இந்த வருஷச் சான்று எழுதுவது, நானே எட்டு வருஷம் எழுதியிருக்கிறேன். ஒன்றை ஒப்புக்கொண்டால் அந்த வருஷம் கட்டியதையெல்லாம் தோண்ட வேண்டி வரும், அத்தனை பேர் கையெழுத்தும் சந்திக்கு வரும், அதுதான் அவருக்குக் கவலை. நான் கன்றுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து உன் அம்மாவிடம், ஏர்வாடிக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீகளாமே, அய்யாவுக்கு வயசாயிருச்சு, புத்தி கொஞ்சம் தடுமாறுதுன்னு மகன்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தா அந்த மனுவ அப்பிடியே ஓரமா வச்சிருவோம், பென்ஷனுக்கும் பங்கம் வராது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் அம்மா அதையே பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக அழுகிறாள். எழுதித் தரச் சொல்லி உனக்கு போன் போட்டாலும் போட்டிருப்பாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு நான்தான் கண்ணில் தெரிகிறேன், அந்தப் பிள்ளைகள் தெரியவில்லை.

தம்பி, நீ எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்வாய், எனக்குத் தெரியும். ஆனால் உன் லெட்டர் வந்த அன்றே என் மனு செத்தது. மறுநாளே மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், செவ்வந்தி வேலைக்குப் பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த இருபத்தேழையும் திரும்ப உள்ளே கூட்டிப்போக வேண்டும். ஐப்பசி மழைக்கு நாலே மாதம். என்னைப் பைத்தியம் என்று ஊர் சொல்லட்டும், நீ கையெழுத்துப் போட்டுச் சொல்லாதே. பஞ்சம்மாள் இன்று மதியமும் வந்தாள், அது உண்மை, உன்னிடம் மறைக்கவில்லை. மணலைப் பற்றி நான் எழுதியதும் உண்மை. இரண்டையும் நீதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசீர்வாதம். குலசாமி உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வைக்காது. வேளாவேளைக்குச் சாப்பிடு. யார் போன் செய்தாலும், உன் அம்மாவே அழுதாலும், எதிலும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
சுயநினைவோடும் நல்ல புத்தியோடும்,
உன் அய்யா
பூமிநாதன்