டீசல் இஞ்சின் போட்ட பிளைமவுத்

ஏனுங்க,

சாவியை மாட்டுக் கொட்டகை உத்திரத்தில் செருகியிருக்கிறேன். நீங்கள் இன்று வருவதாகச் சொல்லியனுப்பியதால் சோறு வடித்து வைத்திருக்கிறேன். புளிக்குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். உடுமலையில் தங்கச்சிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம், ஆள் வந்தது. நான் பஸ்ஸில் போகிறேன்.

"சொந்தக் காரு இருக்கையில பஸ்ஸுலயா போறே?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கேட்டாள். அது காந்தலூர் காய்கறி வியாபாரிகளோடு மலையில் அல்லவா இருக்கிறது!

போன தடவை நீங்கள் வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பெட்ரோல் விக்கிற வெலைக்கு டீசல் இஞ்சின் போடுங்கன்னு நீதானே சொன்னே?" என்று கேட்டீர்கள். நான்தான் சொன்னேன். பிளைமவுத் காரின் சொந்த பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினை ஏற்றிய அன்று சூடம் காட்டியதும் நான்தான். அதற்கு முன்னால் கார் ஷெட்டிலேயே கிடந்தது, நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். இப்போது சவாரி ஓய்வதில்லை. நான் ஒருத்திக்கு உலை வைக்கிறேன். சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன்.

பழைய இஞ்சினை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். கொடுத்துவிடுங்கள். அதைத் திரும்ப மாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

நாச்சம்மாள்

நாய்க்கும் சோறு வையுங்கள்.

என்னைக் கூட்டிப்போக உடுமலைக்கு வந்தீர்களானால், திரும்பும் வழியில் சவாரி யாரையும் ஏற்ற வேண்டாமுங்க. முன் சீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வர வேண்டும்.