கிழங்கு வாடை அடிக்கும் கை

மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரிகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. ஜவ்வரிசி மில்லுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போதே அந்தப் புளித்த வாடை வந்துவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாயே, அதே வாடைதான் மகளே. இன்றும் கிழங்குக் காம்பு வெட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து. நீ இருந்தால் பேனாவைப் பிடுங்கித் திருத்துவாய்.

பேங்க் பரீட்சைக்கு நீ படித்தபோது கேள்வி கேட்பது என் வேலை. எனக்காகவே ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாய். அடுப்பில் சோறு கொதிக்க, நான் நோட்டைப் பார்த்து வாசிப்பேன். நீ துணி மடித்தபடி அர்த்தம் சொல்வாய். எல்லாம் வந்தது. 'அப்ஹார்' மட்டும் ஒரு வாரமாக வரவில்லை.

"இன்னாடி, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி. ஒனக்கு வரல. அப்படின்னா இன்னாதான்?"

"ரொம்ப வெறுக்கறதும்மா. சும்மா புடிக்காதது இல்ல. நெனைச்சாலே ஒடம்பு கூசணும். எனக்கு யாரு மேலயும் அப்படி வரல, அதான் நிக்க மாட்டேங்குது."

"ஒங்க பெரியப்பன நெனைச்சிக்கோ. நம்ம கோழிய அடிச்சாரே."

"ஐயே, பாவம்மா அவரு."

மடித்த துணியை ஓரமாக வைத்தாய். "கெழங்கு நாத்தம்! அத வெச்சிக்கறேன்" என்றாய். சொன்னதுமே உன் முகம் சுருங்கிவிட்டது. என் கையை இழுத்து மோந்து பார்த்தாய். "இந்தக் கை அதுல சேராதும்மா." அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நீ தவறவிட்டதே இல்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது வயிறு வலிக்கிறது என்றாய். சூட்டு வலி என்று தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் என் முந்தானையைப் பிடித்தாய். "இன்னிக்கு போவாதம்மா."

"லோடு வந்து நிக்குது. மத்தியானம் வந்துடறேன், படிச்சிக்கினு இரு."

சாயங்காலம்தான் வந்தேன். ஆட்டோவில் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் உன் உடம்பு அனலாகக் கொதித்தது. குடல்வால் வெடித்துவிட்டது, நேற்றே கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

"அவ விதி, நீ இன்னா பண்ணுவ?" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். நீ முந்தானையைப் பிடித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன் நோட்டு அரிசி டப்பாவின் மேல் இருக்கிறது. எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சொல்ல ஆள் இல்லை. நீ சொன்ன அர்த்தங்கள் பாதிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டன. 'அப்ஹார்' மட்டும் அர்த்தத்தோடு நிற்கிறது.

புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்க்கிறேன், வாடை போகவில்லை. சோறு பிசையும்போது இந்தக் கையைப் பார்த்தால் உடம்பு கூசுகிறது. உனக்கு எண்ணெய் தடவியது இதுதான். உன் விரலிலிருந்து முந்தானையை உருவிக்கொண்டு போனதும் இதுதான்.

நீ சேராது என்றாய். நான் சேர்த்துவிட்டேன்.